கருங்கல்லுக்குச் சாவில்லை

"சார், உங்க வலது தோள் இடது தோளை விட ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கு. உங்களுக்கு ஏத்த மாதிரி சட்டையைக் கோணலா தைக்கட்டுமா? இல்ல, நேரா தைச்சு வைக்கிறேன், நீங்க சரியானதும் வந்து வாங்கிக்கிறீங்களா?"

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். லிஃப்ட்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். ஒரு பக்க ஆணி கழன்ற சுவர்ப்படம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் அந்தக் கருங்கல் பண்ற வேலை" என்றார் வெறுப்போடு.

"வீடு கட்டுறீங்களா சார்?"

"லேப்டாப்புங்க."

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய், அங்குள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியோடு லேப்டாப்பை இணைத்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையில் ஒரே ஒரு சங்கடம். லிஃப்ட் ஓடினால் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் லிஃப்ட் ஓடாது. ஆக, ஏழு வருடமாக எல்லாக் கட்டடங்களிலும் கடைசி மாடிவரை படியேறித்தான் போய்க்கொண்டிருந்தார், வலது தோளில் அந்த லேப்டாப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு.

அதற்குக் கருங்கல் என்று பெயர் வைத்தது ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர். பெயர் பொருத்தம்தான். கருங்கல் ஒரு எடை என்றால், அதன் சார்ஜர் தனியாக ஒரு ஜல்லி. விசிறி சுற்ற ஆரம்பித்தால் மீட்டிங்கில் மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு, "யார் வீட்லயோ மிக்ஸி ஓடுது, ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்பார். எட்டாம் எண் பொத்தான் வேலை செய்யாது. அதனால் எட்டாவது மாடியில் கோளாறு என்றால், அறிக்கையில் 'ஏழாவதுக்கு மேல், ஒன்பதாவதுக்குக் கீழ்' என்று எழுதுவார். திரை நிமிர்ந்து நிற்காது, பின்னால் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். இருபத்தோராவது நிமிடம் இருட்டு மோட்டார் அறையில் அவரும் எலியும் மட்டும் இருப்பார்கள்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. குளிர்காலத்தில் அதன்மேல் கையை வைத்தால் இதமாக இருக்கும். வைஃபை எங்கே கிடைக்காவிட்டாலும் அதற்குக் கிடைக்கும். மோட்டார் அறையில் உட்கார இடமில்லாவிட்டால் அதைக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். வேறு எந்த லேப்டாப்பாவது இதற்கெல்லாம் சம்மதிக்குமா?

வீட்டிலும் அதற்குத் தனி மரியாதை. ஏழு வருடங்களுக்கு முன், அதைக் கொண்டுவந்த முதல் நாள், வீட்டுக்கு வந்திருந்த மச்சான் மகன் அதன்மேல் ஏறி நின்று டியூப் லைட்டைத் தொடப் பார்த்தான். அவர் அலறிவிட்டார். "இதுமேல ஒரு கீறல் விழுந்தாக்கூட என் வேலை போயிடும், தெரியுமா?" அன்றிலிருந்து மனைவி அதைத் தூசி தட்டும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தட்டுவாள்.

இப்போது கம்பெனியில் பத்துப் புது லேப்டாப்புகள் வந்து இறங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை பரிசோதனை. யாருடையது பழுதோ அவருக்குப் புதுசு. பழுதில்லாதவர்கள் இன்னும் மூன்று வருடம் பழசையே சுமக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்குப் போன வாரமே முன்கூட்டி ஒன்று கிடைத்துவிட்டது. அவருடைய பழைய லேப்டாப் மாடிப்படியில் உருண்டு உயிரை விட்டிருந்தது. புதுசுக்கு அவரே 'இறகு' என்று பெயர் வைத்து, வெயில் நேரத்தில் அதை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பாஸ், உங்க கருங்கல்லுக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டார்.

"எட்டு வராது, நிமிர்ந்து நிக்காது, பேட்டரி தாங்காது."

"அதெல்லாம் பழுதுல சேராது பாஸ். வயசுல சேரும். ஸ்டோர்ஸ் மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஆன் பண்ணா ஆன் ஆகுதா, அவ்வளவுதான் அவங்களுக்கு. ஆகலைன்னாதான் புதுசு."

"என்னதும் படியில விழுந்தா..."

"தூக்கியெல்லாம் போடாதீங்க. கம்பெனி சொத்து, கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுவா விழணும்."

அதுவா விழணும். திங்கட்கிழமை மாலை வேனில் வீடு திரும்பும்போது லிஃப்ட்காரர் இதையே யோசித்துக்கொண்டு வந்தார். தன் கையால் உடைப்பது பாவம். உடைவதற்கு ஒரு வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்பதில் என்ன பாவம் இருக்கிறது?

சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் மடித்து வைத்திருந்த அட்டையை உருவினார். மேஜை ஆட ஆரம்பித்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்தார். பக்கத்தில், விளிம்புவரை காபி நிரம்பிய பெரிய டம்ளர்.

"நான் குளிச்சிட்டு வந்துடறேன். நீ மேஜை துடைக்கறதுன்னா துடை" என்றார் மனைவியிடம்.

ஏழு வருடத்தில் மேஜையைத் துடைப்பதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அவள்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியே 'டங்' என்று டம்ளர் உருண்டது. "அய்யய்யோ!" என்று ஒரு குரல். லிஃப்ட்காரர் சோப்பு போட்டுக்கொண்டே பாட ஆரம்பித்தார்.

அவர் வெளியே வந்தபோது மேஜை பளபளவென்று இருந்தது. லேப்டாப் மூடப்பட்டு, பைக்குள் போய், அலமாரியில் ஏறியிருந்தது.

"காபி கவுந்துடுச்சுங்க. வேற போட்டுத் தரேன்."

"பரவால்ல, பரவால்ல" என்றார் உற்சாகமாக. எங்கே கவிழ்ந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் பதற வேண்டும். அவருக்கு நடிக்க வராது. நாளைக்கு ஆபீசில் நாலு பேர் முன்னிலையில் திறந்து பார்த்து மொத்தமாகப் பதறிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை அவர் கண் விழித்தபோது மனைவி வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வர?"

"வாக்கிங். டாக்டர் சொன்னாங்க."

"எந்த டாக்டர்?"

"டி.வி.ல வர டாக்டர்."

ஆபீசில் கருங்கல்லை மேஜைமேல் வைத்து, துக்க வீட்டுக்காரர் முகத்தோடு பொத்தானை அமுக்கினார். விசிறி உறுமியது. திரை வந்தது. கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நம்ப முடியாமல் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தார். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. எட்டும் வந்தது.

"யோவ், இங்க பாருய்யா! எட்டு வருது!"

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

"ஒரு டம்ளர் காபி குடுத்தேன்."

"அதான். சூடா உள்ள போய் அடைச்சிருந்த அழுக்கெல்லாம் கரைஞ்சிருக்கும். எங்க பைக் செயினுக்குக்கூட அப்படித்தான்."

அன்று முழுக்க லிஃப்ட்காரர் முகம் வாடியே இருந்தது. எட்டாவது மாடி என்று ஒன்பது அறிக்கைகளில் எழுதியும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு செய்தி வைத்திருந்தாள். ஆறு மாதமாக, பள்ளிக்கூட நூலகத்தில் தான் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு சோபா வாங்க வேண்டும் என்று படம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"சோபா வேணாங்க."

"ஏன்?"

"தரையில உக்காந்தா முதுகுக்கு நல்லதாம்."

"இதுவும் டி.வி. டாக்டரா?"

"ம்."

அவருக்கு இருந்த கவலையில் சோபா பெரிதாகப் படவில்லை. அவருடைய கண் சலவை இயந்திரத்தின்மேல் இருந்தது. அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம். துணி பிழியும்போது நடக்கும். போன மாதம் குளியலறை வாசல்வரை நடந்துவந்து, உள்ளே இருந்தவரை அரை மணி நேரம் சிறைவைத்தது.

கருங்கல்லைச் சலவை இயந்திரத்தின் தலையில், ஓரமாக வைத்தார். பக்கத்தில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் சொருகினார். காரணம் தயார்: இங்கேதான் கரண்ட் நன்றாக வருகிறது.

"பிரெட் வாங்கிட்டு வரேன். துணி போடறதுன்னா போடு."

"என்னங்க, ரெண்டு நாளா வீட்டு வேலையெல்லாம் ஞாபகப்படுத்துறீங்க? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பிரெட் கடை இரண்டே நிமிட நடை. அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது சலவை இயந்திரம் பழைய இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றிருந்தது. லேப்டாப் பையில் இருந்தது. மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வெங்காயத்தை ரொம்ப நேரமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பைக்குள் கையை விட்டுத் தடவினார். ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. கையை எடுத்துவிட்டு, பிரெட்டை ஆசையோடு பிரித்துத் தின்றார்.

புதன்கிழமை காலை ஆபீசில் திறந்தார். மூலை நசுங்கவே இல்லை. தடவிப் பார்த்தார், கூர்மையாக இருந்தது. திரையை நிமிர்த்தினார். நின்றது. முட்டு இல்லாமல், பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஆன் செய்தால், ஆனது.

"பாஸ், இது ஒரு மாதிரியான பொருள்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு. "அடி விழ விழ நேராகுது. எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான்."

"நசுங்கியிருந்துச்சுய்யா. என் கையால தொட்டேன்."

"சூட்டுல விரிஞ்சிருக்கும். ஆமா, இந்த வாத்து ஸ்டிக்கர் எப்ப ஒட்டினீங்க?"

விரல் வைத்து நகர்த்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்தின் பாதி உடம்பு ஒட்டியிருந்தது. மீதியை யாரோ சுரண்டியிருந்தார்கள். "ரொம்ப நாளா இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். "மச்சான் மகன் ஒட்டியிருப்பான். இப்ப அழுக்கு போனதால தெரியுது."

அன்று மாலை மனைவி, "துணி அலமாரியும் வேணாங்க" என்றாள். "இருக்கற துணியைக் குறைச்சாலே போதும்னு படுது."

"நீ மனுஷியே இல்ல, ஞானி" என்றார் அவர், மனசு வேறெங்கோ இருக்க.

இனி பாவ புண்ணியம் பார்க்க நேரமில்லை. வெள்ளிக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. மனைவி தினமும் மாலை ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு நூலகக் கூட்டத்துக்கோ கடைக்கோ போவாள். வீட்டுக் கார் அவளுடையது. பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பாள், தரையைப் பார்க்க மாட்டாள். ஆறு இருபத்தைந்துக்கு லிஃப்ட்காரர் கீழே போய், ஷூ கயிறு கட்டுவதற்காகக் குனிந்தார். நிமிரும்போது பை கையில் இல்லை. காரின் பின் சக்கரத்தை ஒட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மாடி ஜன்னலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். கார் கிளம்பும் சத்தம். அப்புறம் 'கரக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஏழு வருடம் கூடவே படியேறிய ஜீவன். இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்.

அன்றைக்கு மனைவி வீடு திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது.

"என் பை எங்க?" என்று கேட்டார், இயல்பாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு.

"கீழ மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க. நான் கார்லயே எடுத்து வச்சிட்டேன். காலையில தரேன்." அவள் கண் சிவந்திருந்தது. "வெங்காயம்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"கார்லயா வெங்காயம்?"

"வாங்கினேன்ல."

வியாழக்கிழமை காலை பை அவர் கைக்கு வந்தது. பையின்மேல் டயர் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது, கோடு கோடாக. ஆனால் உள்ளே இருந்த கருங்கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

லிஃப்ட்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேன் ஏறினார். அன்று பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. படியேறிப் போய், மோட்டார் அறையில் அதை மெதுவாகக் கீழே வைத்தார். அதன்மேல் உட்காரத் தைரியம் வரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். இணைத்து வேலையைத் தொடங்கினார். இருபது நிமிடம் ஆயிற்று, அணையவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். நாலு மணி நேரம் பேட்டரி தாங்கியது! காபி ஊற்றினால் எட்டு வருகிறது, கீழே தள்ளினால் முதுகு நிமிர்கிறது, கார் ஏற்றினால் ஆயுசு கூடுகிறது.

"மன்னிச்சிடு" என்றார் அதனிடம், பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு.

கீழே இறங்கும்போது ஒன்பதாவது மாடியில் தோள் வலிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது மாடியில் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி வாசல்வரை வந்தாள். மூன்று நாள் வாக்கிங்கில் இளைத்திருந்தாள்.

"கடல் பார்க்கப் போகலாம்னு சொல்லிட்டிருந்தேன்ல, லீவுல. அது வேணாங்க. கடல் எங்க போயிடப் போகுது."

"சரிம்மா."

"இன்னிக்கு லேப்டாப் செக்கிங்னு சொன்னீங்களே. நல்லபடியா முடிஞ்சிடும்ல?" சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பாவம், புது லேப்டாப் வர வேண்டும் என்று இவளுக்கும் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வேன் ஏறினார்.

ஸ்டோர்ஸ் அறை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அவரவர் நோயாளியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர்ஸ் மேடம் பட்டியலோடு நடுவில். அவருக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து வரவழைத்த சர்வீஸ்காரர் ஒருவர், நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியும் காதில் ஒரு திருப்புளியும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் குந்தியிருந்தார். பின்னால் மேஜையில் மீதி இறகுகள் மினுமினுத்தன.

"அடுத்து."

லிஃப்ட்காரர் கருங்கல்லை வைத்தார். மேஜை ஒருமுறை முனகியது. ஸ்டோர்ஸ் மேடம் ஆன் செய்தார், எண்களைத் தட்டினார், திரையை ஆட்டிப் பார்த்தார், பேட்டரி அளவைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"ஏழு வருஷமா சார் இது?"

"ஏழு வருஷம், நாலு மாசம் மேடம்."

"எல்லாரும் பாருங்கப்பா!" ஸ்டோர்ஸ் மேடம் எழுந்தே விட்டார். "கம்பெனி பொருளை எப்படி வச்சுக்கணும்னு இவரைப் பார்த்துக் கத்துக்கங்க. சார், தாராளமா இன்னும் மூணு வருஷம் ஓடும். உங்களுக்குப் புதுசு தேவையில்ல."

நாலு பேர் கை தட்டினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். லிஃப்ட்காரருடைய வலது தோள், இருந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு விரல் இறங்கியது.

மூன்று வருடம். எத்தனை கட்டடம், எத்தனை படி! அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், வெளியில பார்க்கறதை நம்பாதீங்க. இது உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. நான் சத்தியம் பண்றேன். காபி குடிச்சிருக்கு, கீழ விழுந்திருக்கு, கார் ஏறியிருக்கு. திறந்து பாருங்க மேடம். ஒரு தடவை திறந்து பாருங்க!"

"என்ன சார் சொல்றீங்க? கார் ஏறிச்சா?"

"திறந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்."

ஸ்டோர்ஸ் மேடம் சர்வீஸ்காரரைப் பார்த்தார். அவர் அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கருங்கல்லைத் தன் பக்கம் இழுத்தார். பாதி வாத்தைப் பார்த்ததும் கொட்டாவி பாதியில் நின்றது. பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி வாத்தைப் பார்த்தார். திருப்பிப் போட்டுத் திருகாணிகளைப் பார்த்தார். அப்புறம் லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வாத்து எங்க கடை ஸ்டிக்கர். உங்க வீட்டு அக்கா ஸ்கூல் லைப்ரரியில வேலை பாக்குறாங்களா?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

சர்வீஸ்காரர் காதிலிருந்த திருப்புளியை எடுத்தார். திறக்கவில்லை. திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்காங்க" என்றார் தயங்கித் தயங்கி.

"என்னன்னு சொல்லுப்பா" என்று அதட்டினார் ஸ்டோர்ஸ் மேடம். "இந்த லேப்டாப்புல என்ன பழுது?"

"இதுல ஒரு பழுதும் இல்ல மேடம், ஹார்ட் டிஸ்க்கையும் கம்பெனி ஸ்டிக்கரையும் தவிர இது உங்க கம்பெனி லேப்டாப்பே இல்ல; 'எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடும்'னு அந்த அக்கா அழுதுக்கிட்டே வந்து என்கிட்ட விலை கொடுத்து வாங்கிட்டுப் போனது, இந்த வாரத்துல இது மூணாவது."